நீ என்றும் நீர் என்றும்

பழனியில் ஆண்டவர் என்றால் முருகன். வேளாங்கண்ணித் திருப்பலியில் ஆண்டவர் என்றால் இயேசு. அங்கிருந்து கடலோரமாக வடக்கே போனால், இருபது கிலோமீட்டருக்குள் நாகூர். அங்கே ஆண்டவர் என்றால் ஷாகுல் ஹமீது வலியுல்லா. அவர் இறைவனல்ல, இறைநேசர். ஆனாலும் சனங்கள் வாயில் அவர் ‘நாகூர் ஆண்டவர்’தான். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் நாகூரையும் பார்த்துவிட்டு வருவது நம் பக்கத்து வழக்கம். அவர்களில் யாரும் எந்த ஆண்டவர் என்று குழம்பி நான் பார்த்ததில்லை.

தமிழில் கடவுளின் பெயர்கள் இப்படித்தான் வீடு விட்டு வீடு போய் வாழ்ந்திருக்கின்றன. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல், பதினாறே பக்கம். போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஹென்றிக் ஹென்றிக்கஸ், முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு வாழ்ந்து தமிழ் கற்றவர். தம் கடவுளுக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் தம்பிரான். இன்றைக்கும் தருமபுரத்திலோ திருவாவடுதுறையிலோ போய்த் தம்பிரான் யார் என்று கேட்டால் காவியுடுத்த சைவத் துறவியைத்தான் காட்டுவார்கள்.

அதன்பிறகு பெயர் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த பாதிரியார் தெ நொபிலியின் வழியில் கத்தோலிக்கர்கள் சர்வேசுரன் என்றார்கள். தரங்கம்பாடி சீகன்பால்கு லுத்தரன் சபைக்காரர். இருந்தும் 1714-15இல் அவர் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் இருப்பதும் சர்வேசுரன்தான். சென்னை வேப்பேரியில் இருந்த ஃபெப்ரீசியஸ் அதைப் பராபரன் என்று மாற்றினார். தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி கூப்பிடுகிறாரே, அந்தப் பராபரத்தின் உறவுதான் இது. 1871இன் யூனியன் வேதாகம மொழிபெயர்ப்பில் தேவன் வந்தார். 1995இன் திருவிவிலியத்தில் கடவுள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் நியாயமான கவலை ஒன்று இருந்தது. தேவன் என்றால் இந்திர சபையில் அமர்ந்திருக்கும் பலரில் ஒருவராகிவிடாதா? பக்கத்தில் தேவி என்று இன்னொருத்தி வந்துவிட மாட்டாளா? கவலைப்பட்டவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் என் மனம் மறுபக்கம் நின்றவர்களிடமே போகிறது. ஃபெப்ரீசியஸின் வேத மொழியைத் திருத்தச் சிலர் கிளம்பியபோது தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். அதைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்க முடியவில்லை. அம்மா பிரசவ வலியில் கூப்பிட்ட பெயரை, அப்பா சாகும்போது முணுமுணுத்த பெயரை, ஒரு குழு கூடி நாளை முதல் வேறு என்று சொன்னால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது?

மலேசியாவில் இந்தப் பதற்றம் நீதிமன்றம் வரை போனது. ‘ஹெரால்டு’ என்ற கத்தோலிக்க வார இதழ் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்துகொண்டிருந்தது. மலாய்ப் பக்கங்களில் கடவுளை அல்லாஹ் என்று எழுதக் கூடாது என்று உள்துறை அமைச்சு தடுத்தது. மலாய் பேசும் கிறிஸ்தவர்களுக்கு அது புதுச்சொல் அல்ல. 1629இல் அச்சான மலாய் மத்தேயு நற்செய்தியிலேயே இருக்கிறது. உயர் நீதிமன்றம் 2009 டிசம்பர் 31 அன்று இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிட்டது. பக்திக் குறுந்தகடுகளை விமான நிலையத்தில் பறிகொடுத்த சரவாக் பெண்மணி ஒருவர் தனியே போராடி, 2021இல்தான் தம் வழிபாட்டில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். தங்கள் இறைவனின் பெயர் கலங்கிவிடக் கூடாது என்ற முஸ்லிம்களின் அச்சம் பொய்யல்ல. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரே பெயரைச் சொல்லித் தொழுதவளிடம் அது உன்னுடையதல்ல என்று அரசு சொல்வது பெரும் கொடுமை.

தமிழில் இப்படியொரு வழக்கு வராததற்கு நம் பெருந்தன்மை மட்டும் காரணமல்ல. நாம் வேறுபாட்டைப் பெயரில் வைக்கவில்லை, விளிப்பதில் வைத்திருக்கிறோம். ஒருவர் இறைவா என்று தொடங்கினால் அவர் எந்த மதம் என்று சொல்ல முடியாது. அடுத்த சொல்லில் தெரிந்துவிடும். நீர் என்றால் கிறிஸ்தவர். “நீர் எங்களோடு இரும்” என்ற அந்த இரும், தாரும், காத்தருளும் எல்லாம் சென்னைப் பிள்ளைகளுக்குத் தேவாலய வாசல் தாண்டினால் காதில் விழாது. பாளையங்கோட்டையில் நிலைமை வேறு. “வாரும், உக்காரும்” என்று டீக்கடையிலும் கேட்கிற ஊர் அது. அங்கே ஆலயத்தில் நீர் என்பவர், தெருவில் மரியாதைக்குரிய ஒரு சிநேகிதரிடம் பேசுகிற அதே பேச்சில்தான் ஆண்டவரிடமும் பேசுகிறார். யூனியன் வேதாகமத்தில் தேவன் என்ற ‘ன்’ விகுதிக்குச் ‘சொன்னார்’ என்று மரியாதை வினை வருவதையும் கவனித்திருப்பீர்கள். பெயரில் தராத மரியாதையை வினையில் தந்துவிட்டார்கள்.

முஸ்லிம்களின் துஆவில், அதாவது இறைவேண்டலில், அல்லாஹ் நீ. அவனைப் பற்றிப் பேசினாலும் அவன்தான். குர்ஆன் தமிழாக்கங்களில் இறைவன் தன்னை நாம் என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆனால் அடியான் அவனை நீங்கள் என்பதில்லை. மரியாதைப் பன்மைகூட அவனுடைய ஒருமையில் கைவைத்துவிடக் கூடாது. சைவருக்கும் சிவன் நீதான், ஆனால் காரணம் வேறு. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் இறைவனைப் பித்தன் என்று கூப்பிட்டே பாடத் தொடங்கினார். அது உரிமையின் நீ. மாரியம்மன் கோயிலில் பிள்ளைக்குக் காய்ச்சல் தணியவில்லை என்று வந்து நிற்கிறவள், “ஏண்டி ஆத்தா, உனக்குக் கண்ணில்லையா” என்றே கேட்டுவிடுவாள். பள்ளிவாசலின் நீயும் கோயிலின் நீயும் இலக்கணத்தில் ஒன்று. அவற்றைச் சொல்கிற நெஞ்சின் நிலை ஒன்றல்ல. இரண்டுமே எனக்கு வேண்டும்.

இப்போது பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் புதிதாக ஒன்று கேட்கிறது: “ஏசப்பா, நீங்க பாத்துக்கோங்க.” தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் வரிசையில் எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் உட்கார்ந்து யோசித்த பெயரில்லை இது. நீரும் போய் நீங்க வந்துவிட்டது, வீட்டில் அப்பாவிடம் பேசுகிற மாதிரியே. இந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேதத்தைத் திருத்தி எழுத உட்காரும்போது ஏசப்பாவை உள்ளே விடலாமா என்ற சண்டை கட்டாயம் வரும். அன்றைக்கு நான் இருந்தால் என் ஓட்டு ஏசப்பாவுக்கு.