காயலாங்கடை ஆக்ஸில்

மிச்சிகனில் குளிர்காலம் தொடங்கினால், பின்சக்கரத்தில் ஓடும் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் மணல் மூட்டை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பின்னால் பெட்டி காலியாக இருந்தால் அங்கே எடையே இருக்காது. இன்ஜின் பாரமெல்லாம் முன்னால். ஒரு பின்சக்கரம் பனிக்கட்டியிலும் மற்றது காய்ந்த தாரிலும் நிற்கும்போது வண்டியைக் கிளப்பினால், பனியில் இருப்பது விர்ரென்று சுற்றும்; தாரில் இருப்பது வேடிக்கை பார்க்கும்.

வண்டியின் கோளாறு அல்ல, சாதாரண டிஃபரன்ஷியலின் சுபாவமே அதுதான். மாட்டு வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுற்றும், இழுப்பது மாடு. சக்கரத்தையே இன்ஜின் சுழற்ற வேண்டும் என்று வந்தபோதுதான், வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டுமே என்ற பிரச்சினை எழுந்தது. 1820களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர் ஒனேசிஃபோர் பெக்கூர் பல்சக்கரங்களை வைத்து அதற்கு வழி கண்டார். இரண்டு பக்கமும் சமமாக முறுக்குவிசையைப் பங்கிடும் ஏற்பாடு. அந்தச் சமத்தில்தான் வில்லங்கம். வழுக்கும் சக்கரம் எவ்வளவு குறைவாக வாங்கிக்கொள்கிறதோ, பிடிமானமுள்ள சக்கரத்துக்கும் அவ்வளவுதான்.

இதற்கு மாற்றுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதன் உள்ளே கிளச் தட்டுகளும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. ஒரு பக்கம் தறிகெட்டுச் சுற்றினால், தட்டுகளின் உராய்வு அதை இழுத்துப் பிடித்து மறுபக்கத்துக்கும் கொஞ்சம் விசையை அனுப்பும். 1992இல் வந்த ‘மை கசின் வின்னி’ படத்தில் ஒரு கொலை வழக்கே இதை வைத்துத்தான் திரும்பும். இரண்டு டயர்களும் ஒரே மாதிரி தடம் பதித்திருப்பதால், தப்பி ஓடியது குற்றம் சாட்டப்பட்ட பையன்களின் பியூக் அல்ல என்று மரிசா டோமே சாட்சிக் கூண்டில் வாதிடுவார். அந்த வேடத்துக்கு ஆஸ்கரும் வாங்கினார். டிஃபரன்ஷியலை விளக்கி ஆஸ்கர் வாங்கியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

என்னுடையது 1990களின் ஃபோர்டு ரேஞ்சர், நாலு சிலிண்டர். அதிலிருக்கும் ஹவுசிங்கிலேயே புது லிமிடெட் ஸ்லிப் யூனிட்டைப் போடலாம். ஆனால் யூனிட்டை வாங்குவது சுலபம், உட்கார வைப்பதுதான் கஷ்டம். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பிளே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். இரு பக்க ஷிம்களை மாற்றி மாற்றிப் போட்டு, டயல் கேஜில் அளந்து, பற்களில் பசை தடவி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் நெடுஞ்சாலையில் ஊளையிடத் தொடங்கிவிடும். கை பழகாதவன் வேலை அல்ல இது.

நான் காயலாங்கடைக்குப் போனேன். 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்ஸிலை ரேஞ்சர்காரர்கள் எல்லோரும் தேடுவார்கள். தொழிற்சாலை வைத்த அளவு அப்படியே உள்ளே இருக்கும். அச்சுத்தண்டில் 28க்குப் பதில் 31 பல். பின்னால் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக். கதவோரத்து ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீடு எழுத்தில் தொடங்கினால் லிமிடெட் ஸ்லிப். ஆனாலும் ஸ்டிக்கரை மட்டும் நம்பக் கூடாது. இரு சக்கரங்களும் தரையில் படாதபடி தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மற்றதும் அதே திசையில் வந்தால் தட்டுகளுக்கு உயிர் இருக்கிறது. எதிர்த்திசையில் போனால் தேய்ந்துவிட்டன. தட்டு செட் தனியாக வாங்கி மாற்ற வேண்டும்.

அப்படியே தூக்கி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் பட்டை ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே, ரேஞ்சரில் மேலே. அதனால் ஸ்பிரிங் உட்காரும் மேடைகளை வெட்டியெடுத்து, பினியன் கோணம் பார்த்து, புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். யு-போல்ட், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் என்று சில்லறை வேலைகள் தனி. வெல்டிங்கை மட்டும் அதில் கைதேர்ந்தவரிடம் கொடுத்தேன்.

லிமிடெட் ஸ்லிப்பைப் போட்டுவிட்டால் பனியில் ராஜாவாகிவிடலாம் என்று நினைப்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. இரண்டு சக்கரமும் பனிக்கட்டியில் நின்றால் உராய்வுத் தட்டு எதையும் சாதிக்காது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒன்று சுற்றினாலும் மற்றது வண்டியின் வாலை நேராகப் பிடித்துக்கொள்ளும். இதிலோ இரண்டும் சேர்ந்து வழுக்கி, வால் பக்கவாட்டில் போகும். வேகத்தை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். கையில் இருக்கிற காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நல்ல பனி டயரைத்தான் வாங்கச் சொல்வேன்.

மாட்டியபின் கியர் ஆயிலோடு, தட்டுகள் இழுத்து அதிராமலிருக்க ஒரு சேர்மானத்தையும் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் கடகடவென்று உதறும். ஊற்றியபின் எண்ணெய் தட்டுகளுக்குள் இறங்கக் காலி மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை கார் பார்க்கிங்கில் போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, “திருச்சியில லைசென்ஸ் வாங்கறதுக்குக்கூட நீங்க இத்தனை எட்டுப் போட்டிருக்க மாட்டீங்க” என்றாள்.