இரண்டு இனிஷியல்

என் தங்கைக்கு இரண்டு இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பின் திருத்திய ஆதாரில் கணவனின் எழுத்து. பிள்ளை பிறந்த பின்னும் மகப்பேறு நிதி வரவில்லை. கைக்குழந்தையோடு திருவொற்றியூர் வெயிலில் நான்கு முறை அலைந்த பிறகுதான் பெயர் பொருந்தவில்லை என்பது தெரிந்தது. அதுவரை கிடைத்த ஒரே பதில்: ‘பெண்டிங்’.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் பிக்மி மென்பொருளில் பதிவாக வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த 12 இலக்க எண்ணைக் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து, 18,000 ரூபாய் உதவிக்கும் அதுவே வாசல். 1927இல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்த பெண்ணின் பெயரில் திட்டம். அதைப் பெற, தான் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று ஒருத்தி நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

‘பொம்பளைங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியாது’ என்பார்கள். யாருக்குத் தெரியாது? காசிமேட்டில் வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது கணவனோடு விசைப்படகில் போய்விடும். வளைகாப்பு முடிந்தால் பெண் எண்ணூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போவாள். இவை விதிவிலக்குகள் அல்ல, இங்கே இதுதான் வாழ்க்கை. அதைக் கணக்கில் எடுக்காமல் திரையை வடிவமைத்தவருக்குத்தான் தெரியவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கமும் பெண்தான். தெருத்தெருவாக நடந்து, பதிவேட்டில் எழுதி, அதையே கணினியிலும் ஏற்றும் செவிலியர். இந்தச் சுமையை எதிர்த்துக் கிராம சுகாதார செவிலியர்கள் போராடியும் இருக்கிறார்கள். சர்வர் நின்றால் நாம் அவரைத் திட்டுகிறோம். அவர் நம்மைத் திட்டுகிறார். திரையைச் செய்தவர் அந்த அறையிலேயே இல்லை.

முறைகேட்டைத் தடுக்கச் சரிபார்க்க வேண்டாமா? வேண்டும். ஆனால் சரிபார்ப்பது வேறு, காரணத்தை மறைப்பது வேறு. எது பொருந்தவில்லை, எங்கே போய்த் திருத்த வேண்டும் என்று தமிழில் இரண்டு வரி சொல்லட்டும். இனிஷியல் மாறினால் பெண்ணின் வாக்குமூலமே போதும் என்றாகட்டும். கணவன் பெயரும் எண்ணும் கட்டாயமாக இருக்கக் கூடாது. பதிவு வேலைக்குத் தனி ஆள் போடட்டும். புதிய பதிப்பு எதுவானாலும் முதலில் ராயபுரத்தில் ஒரு கர்ப்பிணியும் ஒரு செவிலியரும் அதைப் பயன்படுத்திப் பார்க்கட்டும்.

இவை தொழில்நுட்பச் சலுகைகள் அல்ல. நம் கால்கள் நடந்து தீர்த்த கூலியில்லா வேலையின் கணக்கு. அதை இனி மென்பொருள் செய்யட்டும்.