ப்ரொபேஷன்ல இருந்தா மனுஷன் இல்லையா?

"ப்ரொபேஷன்லதானே இருந்தான், கம்பெனிக்கு சரிப்படலை, அனுப்பிட்டாங்க. இதுல என்ன அநியாயம்?"னு கேக்குற நல்லவங்க நம்மகிட்ட நிறைய பேர் இருக்காங்க. அதுல பாதிப் பேர் நம்மளை மாதிரியே பொட்டி தட்டுறவங்க. முதலாளி கேட்டாலாவது புரிஞ்சுக்கலாம். பக்கத்து சீட்டுல உக்காந்து ஆணி புடுங்குற ஆளு கேக்குறதுதான் தாங்க முடியலை. இந்தப் பதிவு அவங்களுக்காக. கொஞ்சம் நீளம், சூடும் ஜாஸ்தி. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காந்துக்குங்க.

என் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன், இல்லைன்னா 'இவனுக்கு ஏன் இவ்ளோ கோவம்'னு கேப்பீங்க. 2024-ல, ஒன்பது வருஷம் இருந்த இடத்தை விட்டுட்டு பழைய மகாபலிபுரம் சாலையில இருக்குற ஒரு கம்பெனியில சேர்ந்தேன். பேர் வேண்டாம். டெஸ்டிங் லீட் வேலை. ஆறு ரவுண்டு இன்டர்வியூ. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட் முதற்கொண்டு வாங்கிப் பார்த்தாங்க. சேர்ந்த 23-ஆவது நாள் மத்தியானம் பதினஞ்சு நிமிஷ மீட்டிங். "பிசினஸ் ப்ரையாரிட்டி மாறிடுச்சு, உங்களை எடுத்த ப்ராஜெக்ட் வரலை"ன்னாங்க. ஒரு மணி நேரத்துல லேப்டாப், ஐடி கார்டு எல்லாம் கைமாறிடுச்சு. என் வேலையில ஒரு குறையும் சொல்லலை. சொல்றதுக்கு வேலைன்னு ஒண்ணு குடுத்திருக்கணுமே! 23 நாள்ல பாதி நாள் ஆக்ஸஸ் வரலைன்னு டிரெய்னிங் வீடியோ பார்த்துக்கிட்டிருந்தேன். அதுல ஒண்ணு, 'பணியிடத்தில் பரஸ்பர மரியாதை'. சத்தியமா. :-)

அவ்ளோதான் கதை. இனி மேட்டருக்கு வருவோம்.

"ப்ரொபேஷன்ங்கிறது ரெண்டு பக்கத்துக்கும் சோதனைக் காலம், அவங்களும் அனுப்பலாம், நீங்களும் போகலாம்"னு ஹெச்.ஆர். மக்கள் சொல்லுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தச் சோதனைக்கு ரெண்டு பக்கமும் என்ன பந்தயம் கட்டியிருக்குன்னு பாருங்க. கம்பெனி கட்டினது ஒரு லேப்டாப்பும் ஒரு நாற்காலியும். நான் கட்டினது பழைய வேலை, ஒன்பது வருஷ சீனியாரிட்டி, அங்க குடுக்கிறேன்னு சொன்ன சம்பள உயர்வு, எல்லாத்துக்கும் மேல 90 நாள் நோட்டீஸ். இந்தத் தொண்ணூறு நாள் எந்தச் சட்டத்துல வந்தது தெரியுமா? எதுலயும் இல்லை. வெறும் ஒப்பந்தம். ஒருத்தரை இழுத்துப் புடிச்சு வேலை செய்னு எந்த கோர்ட்டும் உத்தரவு போடாது. 1963-ஆம் வருஷத்து குறித்தவகை நிவாரணச் சட்டம் அதுக்கு இடம் குடுக்கலை. ஆனா ரிலீவிங் லெட்டரைத் தர மாட்டேன்னு சொன்னா போதும், நாம தானா உக்காந்திருவோம். அடுத்த கம்பெனி அந்த லெட்டர் இல்லாம உள்ளயே விடாது. அதாவது, போறவனை மூணு மாசம் கட்டி வைக்கிறதுல எல்லா கம்பெனியும் ஒரே கட்சி. வந்தவனை ஒரு மணி நேரத்துல தள்ளிவிடறதுலயும் எல்லாரும் அதே கட்சி. இதுக்குப் பேரு ரெண்டு பக்கச் சோதனையாம்!

கல்யாணமாகாத இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு இது ஒரு மாதிரி. நாப்பதைத் தொடப் போறவனுக்கு வேற மாதிரி. ஆபீஸ் பக்கத்துலயே இருக்கலாம்னு வீடு மாத்தியாச்சு. சென்னையில அட்வான்ஸ்னா என்னன்னு உங்களுக்கே தெரியும், ஹவுஸ் ஓனர்கிட்ட போய் 'ப்ராஜெக்ட் வரலைங்க, திருப்பித் தாங்க'ன்னு கேக்க முடியுமா? பொண்ணை ஸ்கூல் மாத்தியாச்சு, அட்மிஷன் ஃபீஸ் கட்டியாச்சு. இதெல்லாம் கூட பணம், போனா போகுது. எனக்கு உண்மையிலேயே வயித்தைக் கலக்கினது மெடிக்கல் இன்ஷூரன்ஸ். அம்மாவுக்கு சர்க்கரை, போன வருஷம்தான் ஸ்டென்ட் வச்சது. பழைய கம்பெனி குரூப் பாலிசி கடைசி வேலை நாளோட முடிஞ்சுது. புதுசு 23 நாள் இருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து அம்மா பேர்ல ஒண்ணும் இல்லை. தனியா பாலிசி எடுக்கலாமேன்னு கேக்காதீங்க; ஏற்கனவே இருக்குற நோய்க்கு எத்தனை வருஷம் காத்திருக்கச் சொல்றான்னு எடுத்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும். "பெட்டர் ஆப்பர்சூனிட்டி கிடைக்கும் சார்"னு கை குலுக்கினாரே அந்த ஹெச்.ஆர். தம்பி, அவருக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. தப்பு அவர் மேல இல்லை, அவரும் சம்பளத்துக்குத்தான் கை குலுக்குறார்.

அப்புறம் இந்த பி.எஃப். கணக்கு. நம்ம யு.ஏ.என்.ல சர்வீஸ் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கு இல்லையா, அதுல சேர்ந்த தேதி, விலகின தேதி ரெண்டும் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும். ஒன்பது வருஷம் ஒரு வரி, 23 நாள் ஒரு வரி. அடுத்து போற இடத்துல எல்லாம் அந்த ரெண்டாவது வரியைத்தான் கேப்பாங்க. ரெஸ்யூமேல போடாம விட்டா, பேக்ரவுண்ட் செக்ல மாட்டும், 'மறைச்சான்'னு அதுக்கும் தூக்குவாங்க. போட்டா, 'ஏன் 23 நாள்?'. "ப்ராஜெக்ட் வரலை"ன்னு சொன்னா ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க... இந்த மாதிரி நாலு கம்பெனியில அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டேன். கம்பெனிக்கு அப்படி ஏதாவது கறை ஒட்டுதா? "எங்க பிளானிங் தப்பாகி இத்தனை பேரை வேலைக்கு எடுத்து அதே மாசம் அனுப்பினோம்"னு எந்த கம்பெனியோட சர்வீஸ் ஹிஸ்டரியில வருது?

"சட்டப்படி தப்பில்லையே"ங்கிறவங்களுக்காகக் கொஞ்சம் படிச்சேன். நான் வக்கீல் இல்லை, ஆனா வேலையில்லாத மனுஷனுக்கு நேரம் நிறைய.

நம்ம மாநிலத்துல 1947-ஆம் வருஷத்து கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கு. அதோட 41-ஆவது பிரிவு, ஆறு மாசத்துக்குக் குறையாம தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாச நோட்டீஸும் (இல்லைன்னா அதுக்கு ஈடான சம்பளமும்) இல்லாம அனுப்பக்கூடாதுங்குது. அங்க ப்ரொபேஷனா கன்ஃபர்ம் ஆனவரான்னு பேச்சே இல்லை, மாசக் கணக்குதான். இப்ப உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்க. ப்ரொபேஷன் எத்தனை மாசம்? பெரும்பாலும் ஆறு. என்ன பொருத்தம் பாருங்க! ஆறு மாசம் முடிய பத்து நாள் இருக்கும்போது ஆளைக் கூப்பிட்டு அனுப்பினதை நானே பழைய கம்பெனியில பார்த்திருக்கேன். அப்ப வாய் பேசாம கேன்டீனுக்குப் போனவங்கதான் நாம எல்லாரும். மத்திய அரசோட 1947 தொழில் தகராறு சட்டம், ஆள்குறைப்புக்கு நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் கேட்டுச்சு, ஆனா அதுக்கு ஒரு வருஷம் வேலை பார்த்திருக்கணும். 2025 நவம்பர் 21-ல இருந்து அந்தச் சட்டத்தோட இடத்துல தொழில் உறவுகள் தொகுப்பு வந்துடுச்சு. அதுலயும் அந்த ஒரு வருஷம் அப்படியேதான் இருக்கு. ஆக 23 நாள்காரனுக்கு எந்தப் பக்கமும் கதவு இல்லை.

இன்னொரு விஷயம், எனக்கே ஆச்சரியமா இருந்தது. ஏன் இவங்க யாருமே உருப்படியா காரணம் சொல்றதில்லை? 1974-ல சம்ஷேர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டுச்சு. பஞ்சாப்ல ப்ரொபேஷன்ல இருந்த நீதித்துறை அதிகாரிகளை அனுப்பின வழக்கு. ப்ரொபேஷன்ல இருக்குறவரை சும்மா அனுப்பலாம். ஆனா அது உண்மையில ஒரு குற்றச்சாட்டுக்கான தண்டனைன்னா, விசாரணை நடத்தாம அனுப்பக்கூடாது. ஊழியருக்குப் பாதுகாப்பா வந்த தீர்ப்புதான். அரசாங்க வேலை பத்தின வழக்குன்னாலும் தனியார் கம்பெனி வக்கீல்களும் அதுல ஒரு பாடம் படிச்சுக்கிட்டாங்க: வாயைத் திறந்து காரணம் சொன்னா வம்பு, சொல்லாம விட்டா சுகம். 'நாட் எ ஃபிட்', 'பிசினஸ் ப்ரையாரிட்டி'ன்னு வழவழன்னு ஒரு வரி வர்றது அதனாலதான். நாம ராத்திரி பூரா முழிச்சு 'நான் என்ன தப்பு பண்ணேன்'னு யோசிக்கிறோம். அங்க யாரும் ஒண்ணும் யோசிச்சே எழுதலை மக்கா.

இதுக்கு நேர் எதிரா ஒரு தீர்ப்பும் இருக்கு. 1986, மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் வழக்கு. மூணு மாச நோட்டீஸோ சம்பளமோ குடுத்து நிரந்தர ஊழியரையே காரணமில்லாம அனுப்பலாம்னு அந்தக் கழகம் ஒரு விதி வச்சிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 'எட்டாம் ஹென்றி விதி'ன்னு சொல்லித் தூக்கி எறிஞ்சுது. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி தெரியும்ல, ஆறு கல்யாணம், ரெண்டு ராணிக்குத் தலை போச்சு, அவரேதான். பேரம் பேசுற பலமே இல்லாதவன்கிட்ட கையெழுத்து வாங்கின ஒப்பந்தம் நியாயமான ஒப்பந்தம் ஆகாதுன்னு கோர்ட் விரிவா எழுதியிருக்கு. பொதுத்துறைக்குத்தான் இது நேரடியா பொருந்தும், ஒத்துக்கறேன். ஆனா "நீதானேப்பா கையெழுத்துப் போட்டே?"ன்னு கேக்குற நண்பர்கள், ஆஃபர் லெட்டர்ல ஒரு வரியையாவது மாத்தச் சொல்லி மாத்த வச்சிருக்கீங்களான்னு முதல்ல சொல்லுங்க.

"தகுதி இல்லாதவனையும் வச்சு சோறு போடணுமா?" இது அடுத்த கேள்வி. வேண்டாங்க. தகுதி இல்லைன்னா எழுத்துல சொல்லுங்க, எந்த வேலை குடுத்தீங்க, என்ன செய்யலைன்னு சொல்லுங்க, அப்புறம் அனுப்புங்க. 2025 பிப்ரவரியில மைசூர்ல இன்ஃபோசிஸ் 300-க்கு மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியே அனுப்பினப்போ, உள்தேர்வுல மூணு வாய்ப்பு குடுத்தும் தேறலை, இது ஒப்பந்தத்துலயே இருக்குன்னு கம்பெனி சொன்னது. சரி, தேர்வுன்னு ஒண்ணாவது இருந்தது. ஆனா அதுல பல பேர் 2022-லயே ஆஃபர் வாங்கிட்டு, எப்ப கூப்பிடுவாங்கன்னு ரெண்டு வருஷம் வீட்ல உக்காந்திருந்த பசங்க. மத்திய தொழிலாளர் அமைச்சகம் கர்நாடக அரசுக்குக் கடிதம் எழுதுற அளவுக்கு விஷயம் போச்சு. ரெண்டு வருஷம் அந்தப் பசங்க பொறுமையா காத்திருந்தது எந்தத் தேர்வுல மார்க் ஆச்சு? காத்திருக்குறது எப்பவும் நம்ம பக்கம், அவசரம் எப்பவும் அவங்க பக்கம்.

என் கேஸ்ல தகுதிப் பேச்சே எழலை. கம்பெனி போட்ட கணக்கு தப்பு, கட்டினது நான். ஒரு கடைக்காரர் சரக்கை ஆர்டர் பண்ணி இறக்கிட்டு 'இப்ப வேண்டாம்'னா லாரி வாடகையாவது குடுப்பாரு. 90 நாள் நோட்டீஸ் குடுத்து வர வச்ச ஆளை, அவன் தப்பு இல்லாம திருப்பி அனுப்பினா அந்த 90 நாள் சம்பளத்தைக் குடு. இது பிச்சை இல்லை, லாரி வாடகை. அவன் எங்கிட்ட கேக்குற நோட்டீஸ் எத்தனை நாளோ, அதே நாள் எனக்கும், முதல் நாள்ல இருந்தே, ப்ரொபேஷனோ இல்லையோ. இன்ஷூரன்ஸை மாசக் கடைசி வரைக்காவது வெட்டாம வை. விலகின காரணத்தை ஒரு லெட்டர்ல உள்ளபடி எழுதிக் குடு, நான் அடுத்த இடத்துல காட்டிக்கிறேன். இதுல எது கம்பெனியை மூடுற அளவுக்குச் செலவு?

ஒரு உபயோகமான தகவலும் சொல்லிடறேன். அந்தப் பதினஞ்சு நிமிஷ மீட்டிங்ல கடைசி ரெண்டு நிமிஷம் ரொம்ப பாசமா மாறும். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும், உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்"னு ஒரு மெயில் டிராஃப்டையும் அவங்களே அனுப்புவாங்க. அனுப்பாதீங்க. நீங்க ராஜினாமா பண்ணிட்டா அப்புறம் யாரும் உங்களை அனுப்பலை, நீங்களா போனீங்க. நாளைக்கு தொழிலாளர் துறை படி ஏறினா முதல்ல எடுத்துக் காட்டுறது அந்த மெயிலைத்தான். நான் அனுப்பலை. "யோசிச்சு சொல்றேன்"னு எழுந்து வந்தேன். அதுக்கப்புறம் நாலு போன், நாலும் பாசம். அஞ்சாவதா டெர்மினேஷன் லெட்டர் வந்தது, ஒரே ஒரு வரிக் காரணத்தோட. அந்த லெட்டர்ல 'வேலைத்திறன்'ங்கிற வார்த்தை இல்லாததாலதான் இன்னைக்கு இருக்குற வேலை கிடைச்சுது.

சம்பள பாக்கி வர 47 நாள் ஆச்சு. இப்ப அமல்ல இருக்குற ஊதியத் தொகுப்புப்படி, வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, நீங்களா ராஜினாமா பண்ணினாலும் சரி, ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளத்தைக் குடுத்தாகணும். 'ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ப்ராசஸ் சார்'னு இன்னும் எந்த ஹெச்.ஆர்.ஆவது சொன்னா, 17-ஆவது பிரிவுன்னு மெயில்ல ஒரு வரி போடுங்க. ப்ராசஸ் எவ்ளோ வேகமா நடக்குதுன்னு எனக்கும் சொல்லுங்க.