பாலை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்க மக்கா!

மஞ்சள் டீ என்றதும் எங்க ஹாஸ்டலில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "இருமலுக்கா?" மஞ்சள்பொடி போட்டது இல்லைங்க. சீனாவில் தேயிலையில் அப்படி ஒரு வகையே உண்டு. ஹூனான் மாகாணத்து ஜூன்ஷான் யின்ஜென் அதில் பேர்போனது. பறித்த கொழுந்தைச் சூடாக்கி, ஈரம் காயும் முன்னே பொதிந்து வைத்துப் புழுங்க விடுவார்கள். பச்சை நெடி போய், இலையும் சாறும் மஞ்சளாகும். வேலை அதிகம், செய்யத் தெரிந்தவர் கம்மி, அதனால் விலையும் அதிகம். இப்போது நேபாளம் பக்கமும் அந்த முறையில் செய்து பார்க்கிறார்கள்.

சரி, அதைத் தேடி இமயமலைக்குப் போக வேண்டுமா? என் கருத்து: வேண்டாம். கோப்பையில் அதே பொன்மஞ்சளாக நிற்கிற, வருஷத்தில் சில வாரம் மட்டுமே கிடைக்கிற ஒரு தேயிலை நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரி உறைபனித் தேயிலை. (முறைப்படி அது மஞ்சள் வகை இல்லை, லேசாகப் புளிக்க விட்ட கறுப்புத் தேயிலை. சண்டைக்கு வராதீங்க!) இதை நாகர்கோவில்காரன் எவனும் குடித்துப் பார்த்ததில்லை என்பதுதான் என் வருத்தம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரி உச்சியில் ராத்திரி குளிர் பூஜ்யத்தைத் தொடும், காலையில் புல் வெள்ளையாக இருக்கும். பகலில் நல்ல வெயில். இந்தக் குளிரில் செடி மெதுவாகத்தான் துளிர்க்கும். மெதுவாக வந்த கொழுந்தில் வாசனை கூடுதல். பெயரில் உறைபனி இருந்தாலும், உறைபனி நேராகத் தாக்கினால் கொழுந்து கருகிவிடும். குளிரும் வேண்டும், கருகவும் கூடாது. அந்த இடைவெளியில் கையால் பறிக்க வேண்டும். பிறகு நன்றாக வாட்டி, உருட்டி, அதிகம் புளிக்க விடாமல் காய வைக்கிறார்கள். இலை முழுசாக, பச்சையும் பழுப்பும் கலந்து, முறுக்கிக்கொண்டு கிடக்கும். 'நீலகிரி ஆர்தடாக்ஸ்' என்ற பெயருக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னே, 2006இல், அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. அறுநூறு!

இவ்வளவு நல்ல சரக்கு இருந்தும் நம்ம டீக்கடைக்கு வருவது டஸ்ட். 1930களில் அசாமில் வந்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டித் தள்ளும். சீக்கிரம் நிறம் இறங்கும், பாலைத் தாங்கும், குறைந்த தூளில் நிறைய டம்ளர். நான் அதைக் குறை சொல்லவில்லை. சாயங்காலம் ரசவடைக்கு அந்த டீதான் சரி, அதில் யாரோடும் சமரசம் இல்லை. ஆனால் தேயிலை என்றால் அது மட்டும்தான் என்று நினைப்பது, மாம்பழம் என்றால் மாம்பழ ஜூஸ்தான் என்று நினைப்பது மாதிரி.

"அதெல்லாம் பணக்காரன் குடிக்கிறது" என்பான் பக்கத்து பெஞ்ச். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் போதும். 100 கிராம் 300 ரூபாய் என்று வைத்தால் 40 கோப்பை, ஒன்று ஏழரை ரூபாய். அதே இலையில் இரண்டாவது தடவையும் தண்ணீர் ஊற்றலாம் என்றால் நாலு ரூபாய்கூட இல்லை. இந்த விலைக்கு எந்தக் கடையில் டீ கிடைக்கிறது, சொல்லுங்க?

இனி போடும் முறை. நம்ம மாவட்டத்துக்காரனுக்குப் பாதி வேலை முடிந்தது. கட்டஞ்சாயா குடித்து வளர்ந்தவன் பால் இல்லையே என்று பயப்பட மாட்டான். ஆனால் கட்டனைக் கொதிக்க விடுகிற மாதிரி இதை அடுப்பில் வைத்து வேக விடாதீங்க, கசந்துபோகும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, இரண்டு மூன்று நிமிஷம் மூடாமல் விடுங்க. பிறகு ஒன்றரை ஸ்பூன் இலை போட்ட பாத்திரத்தில் ஒரு டம்ளர் அளவு ஊற்றி, மூடி வைத்து, மூன்று நிமிஷத்தில் வடிகட்டுங்க. மறுபடி ஊற்றும்போது ஐந்து நிமிஷம். சீனி வேண்டாம். கருப்பட்டி கூடவே கூடாது, அது சுக்குக்காப்பிக்கு ராஜா, இங்கே வந்தால் தேயிலை வாசனையை முழுங்கிவிடும். முதல் வாய் குடித்ததும் "என்னடா தண்ணி மாதிரி இருக்கு" என்றுதான் தோன்றும். பொறுங்க. பாதி டம்ளர் ஆறினபின் பூ வாசனை மேலே வரும். நீலகிரித் தேயிலைக்கு இன்னொரு குணம், ஆறினாலும் கலங்காது. ஏப்ரல் வெயிலில் ராத்திரியே பச்சைத்தண்ணீரில் இலை போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வடிகட்டிக் குடிக்கலாம்.

தண்ணீர் முக்கியம். கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் உப்பில் எந்தத் தேயிலையும் செத்துப்போகும். முக்கடல் அணையிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதையே எடுங்க. இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊர் நம்முடையது, ஆகவே டின்னை இறுக மூடுங்க. பெருங்காயம், கருவாடு பக்கத்தில் வைத்தால் அந்த மணத்தோடுதான் டீ வரும், பிறகு என்னைத் திட்டக்கூடாது. ஊட்டி டூரில் வாங்கினால் எந்த மாசம், எந்த வருஷம் பறித்தது என்று கேளுங்க. 'ஃப்ராஸ்ட்' என்று அச்சடிக்க யாராலும் முடியும். இலை முழுசாக இல்லாமல் தூளாக இருந்தால் வாங்காதீங்க.

இதில் வாய்ருசி மட்டும் இல்லை. 2023 செப்டம்பரில் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டது என்ன? பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வரும். விலை எடைக்குத்தான் என்றால் விவசாயி என்ன செய்வார்? கூலி கட்டாது, கத்தரியாலும் மெஷினாலும் முற்றின இலையையும் சேர்த்து வெட்டுவார். முற்றின இலையில் தரம் குறையும், தரம் குறைந்தால் ஏலத்தில் விலை குறையும். சுற்றிச் சுற்றி அதே இடம். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் பறிக்க வேண்டுமானால் அதற்குத் தனி விலை கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மட்டும் இருந்தால் பெரிய எஸ்டேட்தான் பிழைக்கும். ஏற்றுமதி செய்ய ஒரு ஏக்கர்காரருக்கு வழி ஏது?

நான் நாலு பாக்கெட் வாங்கினால் மலை மாறிவிடாது, தெரியும். அரசாங்கம் செய்ய வேண்டியது தனி. ஆனால் ரேஷன் கடை வழியாக ஊட்டி டீயை நம்ம ஊர் வரை கொண்டுவர முடிந்த கூட்டுறவுக்காரர்கள், கையால் பறித்த முழு இலையை 25 கிராம் பாக்கெட்டில் போட்டு பஸ் ஸ்டாண்டில் விற்றால் என்ன? 75 ரூபாய் என்றால் ஒரு பரோட்டா சால்னா காசு. வருஷத்துக்கு ஒருதடவை, ஜனவரியில் பறித்தது மார்ச்சில் வந்தால் போதும். பரீட்சைக்குக் கண்விழிக்க நாங்களே வாங்குவோம்.