புதன்கிழமைக் கூலியும் தடுப்பூசித் தயக்கமும்

என் மகளுக்கு மூன்றரை மாத ஊசி போட்டிருக்க வேண்டிய புதன்கிழமையை நான் தவறவிட்டேன். இரண்டரை மாத ஊசி போட்ட அன்று இரவு முழுக்க அவளுக்குக் காய்ச்சல். தொடை வீங்கியிருந்தது. பால் குடிக்காமல் அழுதுகொண்டே இருந்தாள். அது மனதில் இருந்ததால், "இந்த வாரம் வேணாம்மா, சளி வேற புடிச்சிருக்கு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அத்தை சொன்னதும் நானும் சரி என்றேன். லேசான சளி ஊசிக்குத் தடையில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சரி என்றேன். அடுத்த புதன்கிழமை போனபோது செவிலியர் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம்தானே மேடம், பரவால்ல" என்று சிரித்தபடி ஊசியைப் போட்டார்.

எனக்குப் பின்னால் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளையோடு நின்றார். அதே மூன்றரை மாத ஊசி. அதே ஒரு வாரத் தாமதம். அட்டையில் தெருப் பெயரைப் பார்த்த அதே செவிலியர் கேட்டார்: "போன வாரம் எங்க போன? உங்களுக்கெல்லாம் எத்தன தடவ சொன்னாலும் ஏறாதா?" அந்தப் பெண்ணுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும்.

நானும் காலனியில் பிறந்து வளர்ந்தவள்தான். அது அந்தச் செவிலியருக்குத் தெரியாது. என் சுடிதாரையும் ஸ்கூட்டியையும் பேச்சையும் பார்த்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நான் தாமதித்தால் அது தாயின் கவலை. அந்த அக்கா தாமதித்தால் அது அறியாமை. தடுப்பூசி பற்றி நம் நாட்டில் நடக்கும் பேச்சு முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் சிக்கிக் கிடக்கிறது.

வெளியே வேப்ப மரத்தடியில் அந்த அக்காவிடம் பேசினேன். "போன புதன் வெங்காயம் ஆயப் போயிட்டேன் பாப்பா. ஊசி போட்டா ரெண்டு நாளு புள்ளய மடியவுட்டு எறக்க முடியாது. அந்தக் கூலிய யாரு குடுப்பா?" என்றார். ஊசி கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஊசிக்குப் பயம் என்றும் சொல்லவில்லை. கூலியைப் பற்றித்தான் கேட்டார்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தாய்மார்களிடம் பேசுவது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. ஆலத்தூர் பக்கம் சின்ன வெங்காயம், வேப்பூர் பக்கம் பருத்தி, செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரி. எந்தப் பக்கம் போனாலும் அறுவடைக் காலத்தில் காலனித் தெருக்கள் காலை ஏழு மணிக்கே காலியாகிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் ஏறக்குறைய 31 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலமில்லாத கூலிகள். தடுப்பூசி நாளோ புதன்கிழமை, அதுவும் காலை வேளை. இந்த அட்டவணையை வகுத்தவர்களின் கண்ணில் வீட்டிலிருக்கும் தாய் மட்டுமே இருந்திருக்கிறார். களத்தில் நிற்கும் தாய் அவர்கள் கணக்கில் இல்லை.

கூலி ஒன்று. இடம் இன்னொன்று. நான் போன ஊர்கள் பலவற்றில் துணை சுகாதார நிலையமும் அங்கன்வாடியும் ஊர்த் தெருவில்தான் இருக்கின்றன. காலனிப் பெண்கள் ஊரைக் கடந்து அங்கே போக வேண்டும். போனால் 'வா', 'போ' என்ற ஒருமைப் பேச்சு. என் அம்மா இன்றும் சொல்வார்: எனக்குச் சொட்டு மருந்து கொடுக்கப் போனபோது, "புள்ள வாய நீயே தொறந்து புடி" என்று சொல்லிவிட்டு, கை படாமல் மேலிருந்து ஊற்றினார்களாம். இது முப்பது ஆண்டுக்கு முந்தைய கதை. ஆனால் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகள் மருத்துவச் சேவை பெறும்போது சந்திக்கும் பாகுபாட்டைப் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, தொடாமல் மருந்து கொடுப்பதும் அதில் பதிவானது. ஊசி தொடாமல் போட முடியாத மருந்து. அதனால்தானோ என்னவோ, அங்கே தொடுதலின் குறையைச் சொல்லால் ஈடுகட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு வரலாற்றைப் பார்ப்போம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அதன்பின் கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அதை மாற்றியது. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவுதான், அதில் ஐயமில்லை. ஆனால் பாதுகாப்பின் செலவு யார் தலையில் விழுந்தது? தெருவுக்கு வந்த ஊசி இப்போது பேருந்து ஏறிப் போக வேண்டிய ஊசியானது.

தேசிய குடும்ப நல ஆய்வின் எண்களைப் பாருங்கள். 2005-06இல் தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 80.9 விழுக்காடு. 2015-16இல் அது 69.7 ஆகச் சரிந்தது. பத்தாண்டில் எழுத்தறிவு கூடியது, செல்பேசி வந்தது, மருத்துவமனைப் பிரசவம் கூடியது. தடுப்பூசி மட்டும் குறைந்தது. பெற்றோருக்கு அறியாமை பத்தாண்டில் கூடிவிட்டதா? இல்லை. ஊசி விலகிப் போனது அதில் பெரும்பங்கு. பின்னர் சிறப்பு முகாம்களும் விடுபட்ட குழந்தைகளைத் தேடிச் செல்லும் திட்டங்களும் வந்தன. 2019-21 ஆய்வில் எண்ணிக்கை 89.2 விழுக்காடாக உயர்ந்தது. இந்த உயர்வுக்கு உழைத்த கிராம சுகாதார செவிலியர்களை நான் குறைத்துப் பேசவில்லை. பல ஊர்களைத் தனியாளாகச் சுமப்பவர்கள் அவர்கள். அவர்களில் நம் பெண்களும் உண்டு. அவர்கள் ஊர்த் தெருவில் படும் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

போலியோவை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேருந்து நிலையத்துக்கு வந்தது, செங்கல் சூளைக்கு வந்தது, விடுபட்டால் வீட்டு வாசலுக்கே வந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ நோயாளி ஒருவரும் இல்லை. 2014இல் சான்றிதழும் கிடைத்தது. அறியாமை என்று சொல்லப்பட்ட அதே தாய்மார்கள்தான் அன்று பிள்ளைகளின் வாயைத் திறந்து காட்டினார்கள்.

அப்படியானால் ஊசியே வேண்டாம் என்று மறுத்தவர்கள் யார்? 2017 பிப்ரவரி 6ஆம் தேதி தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும். வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது: வெளிநாட்டுச் சதி, மலட்டுத்தன்மை வரும், பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். தனியார் பள்ளிகள் பல பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் கேட்டன. பெற்றோர் பலர் மறுத்தனர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும், செல்பேசியில் படித்துத் தெளிந்த பெற்றோர் அங்கே முன்வரிசையில் நின்றார்கள். அவர்களை யாரும் 'ஏறாதவர்கள்' என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் 'தயக்கம்' என்ற மரியாதையான சொல் கிடைத்தது.

அந்த வதந்தியோடு சேர்ந்து வளர்ந்ததுதான் 'மரபுக்குத் திரும்புவோம்' என்ற குரல். 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்ற ஓர் இளம் ஆசிரியை இரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே வீட்டுப் பிரசவப் பயிற்சி அறிவித்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைது செய்யப்பட்டார். இந்தப் பேச்சு நம் தோழர்கள் சிலரையும் ஈர்ப்பதைப் பார்க்கிறேன். ஏகாதிபத்திய எதிர்ப்பு, மருந்துக் கம்பெனி எதிர்ப்பு என்ற பெயரில் உள்ளே வருகிறது. மருந்துக் கம்பெனிகளின் கொள்ளையை எதிர்ப்போம், அதில் மறுப்பில்லை. ஆனால் மரபு என்று எதைச் சொல்கிறீர்கள்? அந்த மரபில் பிள்ளைப்பேறு பார்த்தது முடிதிருத்தும் சாதியாக ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள். பல ஊர்களில் கொடி அறுத்ததும் தீட்டுத் துணியைத் துவைத்ததும் நம் பாட்டிகளும் வண்ணார் வீட்டுப் பெண்களும். கூலியாகக் கொஞ்சம் நெல், கூடவே தீட்டு என்ற பட்டம். மரபு பேசுகிறவர்கள் மூலிகையைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். அயோத்திதாசப் பண்டிதரே சித்த மருத்துவர். நம் மருத்துவ அறிவின் மீது நமக்குப் பகையில்லை. சாதியை மறைக்க அதைப் போர்வையாக்குவதுதான் நமக்குப் பகை.

தடுப்பூசி வந்த நாளிலேயே சாதி அதை மறித்தது என்பதும் நாம் அறிய வேண்டியது. 1802 ஜூனில் மும்பையில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் அம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. அந்தக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த அம்மைப்பால் அடுத்த குழந்தைகளுக்குப் போனது. அன்றைய முறையே கையிலிருந்து கைக்கு. தாழ்ந்த சாதிப் பிள்ளையின் கையில் ஊறிய பால் எங்கள் பிள்ளை உடம்பில் ஏறுவதா என்று உயர்சாதியார் மறுத்தது காலனிய அரசின் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னர் கன்றிலிருந்து பால் எடுக்கும் முறை வந்தபோது மாடு என்று சொல்லி மறுத்தார்கள். இந்த மண்ணில் தடுப்பூசியைத் தத்துவமாகவே மறுத்தவர்கள் யார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனால் கிருமிக்கு எல்லை தெரியாது. மாரியம்மன் தேர் காலனிக்குள் வராது, மணல்வாரி வரும். தட்டம்மை பரவாமல் தடுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். காலனியை விட்டுவிட்டு ஊர் மட்டும் தப்பிக்க முடியாது. வாக்சினேசன் என்பது ஒருவர் உடம்பின் பாதுகாப்பை இன்னொருவர் உடம்போடு கட்டிப் போடும் ஏற்பாடு. தீண்டாமைக்கு நேர் எதிரானது அது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஊசி போடும் நாளும் அடுத்த நாளும் நூறு நாள் வேலைத் தாய்மார்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். அறுவடைக் காலத்தில் மாலை நேர முகாம், அதுவும் காலனிக்குள்ளேயே வேண்டும். ஊசிக்குப் பின் காய்ச்சல் வரலாம், எத்தனை நாள் இருக்கும், எப்போது தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்பதையும் சொல்ல வேண்டும். திட்டு வாங்கப் பயந்தே வராமல் போகும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பூசிக்குப் பின் ஏதேனும் நேர்ந்தால் விசாரணை முடிவை அந்த ஊர் மக்கள் முன் வைக்க வேண்டும். தடுப்பூசி எண்ணிக்கையை மாவட்ட அளவில் சாதிவாரியாக வெளியிட வேண்டும். இன்னொன்று: யார் கையில் ஊசி இருக்கிறது என்ற கேள்வி. 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பரில் நீட் தேர்வுக்குப் பறிகொடுத்த மாவட்டம் அரியலூர். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அரங்கத்துக்குப் பெயர் வைத்தால் போதாது. செந்துறைக் காலனிக்கு அனிதாக்கள் மருத்துவராகத் திரும்பி வர வழி வேண்டும்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் தெருவில் ஊசி தவறிய பிள்ளைகள் யார் யார் என்று நம்மிடம் பட்டியல் இருக்கிறதா? அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கொடி கட்டும் இளைஞர்கள் மாதம் ஒரு புதன்கிழமை நான்கு தாய்மார்களோடு துணைக்குப் போனால், ஒருமையில் பேசும் நாக்கு கொஞ்சம் யோசிக்கும்.

பாபாசாகேப் அம்பேத்கரும் ரமாபாயும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். கடைசி மகன் ராஜரத்னா 1926இல் நிமோனியாவால் இறந்தான். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021 ஜூலையில்தான் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வந்தது. அதற்கு முன் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுக்க முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் அது கிடைத்தது. மூன்றரை மாதத்தில் அந்த அக்காவின் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் போட்டதில் அந்த ஊசியும் ஒன்று.

ஒரு நாள் கூலியை இழந்து, ஏச்சையும் வாங்கிக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்து அவர் அதைப் போட்டுக்கொண்டு போனார். அவருக்குத் தயக்கம் எதுவும் இல்லை. அவர் தெருவுக்கு வரத் தயங்குவது அரசுதான்.