வடிகட்டியை வெட்டி எறியலாமா?

மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை எல்லாருக்கும் தெரியும். டீசல் கார் விஷயத்தில் அந்தக் கதை இன்றும் நடக்கிறது!

டீசல் காரில் புகை போகும் வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. பீங்கான் போன்ற பொருளால் ஆனது. உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். புகையில் வரும் கரித்தூளை இது பிடித்து வைத்துக் கொள்ளும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1-ந் தேதி "பாரத் ஸ்டேஜ் 6" விதி அமலுக்கு வந்தது. அந்த விதிப்படி செய்யப்பட்ட டீசல் கார்களில் இந்த வடிகட்டியைப் பார்க்கலாம்.

வடிகட்டி அடைத்துக் கொண்டால் டிரைவருக்கு முன்னால் விளக்கு எரியும். மேட்டில் கார் இழுக்காது. உடனே, "இதை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயைப் போட்டு விடலாம், சார்! தொல்லை ஒழிந்தது!" என்று யோசனை சொல்கிற பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள்.

தொல்லை ஒழியாது. அப்படிச் செய்வது சட்டத்துக்கும் விரோதம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ம் ஆண்டிலேயே அறிவித்து விட்டது. வடிகட்டி இல்லாத காரின் புகை எங்கே போகும்? பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு வருகிறவரின் மூக்குக்குள் போகும்!

வடிகட்டி ஏன் அடைத்தது? அதை அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

கரி வேறு, சாம்பல் வேறு

விறகு அடுப்பு மூட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கரி மறுபடி எரியும். சாம்பல் எரியாது. அதை அள்ளித்தான் கொட்ட வேண்டும்.

வடிகட்டியிலும் அப்படித்தான். கரி சேர்ந்ததும் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாக டீசலைச் செலுத்தி, சுமார் 600 டிகிரி சூட்டில் அதைத் தானே எரித்து விடும். அதற்குக் கார் நல்ல சாலையில் 15, 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே போய் வருகிற காரில் இந்த வேலை பாதியில் நின்று விடும். கரி தங்கி விடும்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது? எஞ்சின் ஆயிலில் இருந்து! ஆயில் குடிக்கிற எஞ்சின், வடிகட்டியைச் சாம்பலால் நிரப்பி விடும். புது வடிகட்டி போட்டாலும் அதே கதிதான். ஆகவே, ஆயில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் டர்போ வருகிறது.

டர்போ மேல் பழி

சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூச்சி 1905-ம் ஆண்டில் காப்புரிமை பெற்ற யோசனை இது. வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் கூடச் சுழலும்! அந்தத் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது.

டர்போவுக்கு வந்த ஆயில், தன் கனத்தாலேயே ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அந்தக் குழாயில் கசடு அடைத்தால்? எஞ்சின் மூச்சு விடும் குழாய் அடைத்தால்? ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவின் இரு பக்கமும் கசியும். குழாயைச் சுத்தம் செய்தால் தீரும் நோய்க்கு, "டர்போ போச்சு!" என்று பெரிய பில் போடுவது என்ன நியாயம்?

காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே லேசான எண்ணெய்ப் பசை இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆயில் குட்டையாகத் தேங்கி நின்றாலும், தண்டு ஆடி இறக்கைகள் சுவரில் உரசியிருந்தாலும் டர்போ கெட்டது உண்மை. அப்போது தாமதம் கூடாது. கசிந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எஞ்சின் வெறி பிடித்து ஓடுவது உண்டு!

முன்பெல்லாம் நீலப் புகை வந்தால், ஆயில் எரிகிறது என்று தெருவே சொல்லும். இப்போது வடிகட்டி அந்தப் புகையை மறைத்து விடலாம். ஆயில் குச்சிதான் சாட்சி. அளவு குறைந்தால் கசிவு, அல்லது எரிவு. அளவு ஏறினால்? சந்தோஷப்படக் கூடாது! பாதியில் நின்றுபோன எரிப்பு வேலையின் டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம். நீர்த்துப் போன ஆயில் டர்போ தண்டைத் தின்னும். டர்போ கெட்டால் வடிகட்டி கெடும். ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றுகிறது.

சில சமயம் இரண்டிலும் கோளாறே இராது. வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் கருவிக்குப் போகிற சிறிய ரப்பர் குழாய் வெடித்திருக்கும். விளக்கு வீணாக எரியும்.

பட்டறையில் கார்க்காரர் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: வடிகட்டியில் இருப்பது கரியா, சாம்பலா? ஆயில் இறங்கும் குழாயைப் பார்த்தீர்களா? புது டர்போ போடுவதானால், பழையதைக் கழற்றியதும் அதன் தண்டை என் கையாலேயே ஆட்டிப் பார்க்கலாமா?