"இரும்பு மனுஷன்"னு பாராட்டுறதுக்கு முன்னாடி

பழைய அமெரிக்கன் ஃபுட்பால் போட்டோவைப் போட்டு "மூக்கு உடைஞ்சாலும் ஆடினான், அவன்தான்டா ஆம்பளை"னு எழுதுறவங்களைப் பார்த்தா எரிச்சலா வருது. ஒரே ஒரு ஆளோட கதையைச் சொல்றேன், படிங்க.

லூ க்ரீக்மர். 1927ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். 1950 முதல் 1959 வரை டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் லைன்மேன். (நம்ம ஈ.பி. லைன்மேன் இல்லீங்க. பந்தை வீசுற குவாட்டர்பேக்கை எதிரணி நெருங்காம உடம்பால மறிக்கிற ஆள்.) 1952, 1953, 1957 என மூன்று சாம்பியன் பட்டம். 1996ல் ஹால் ஆஃப் ஃபேம்.

மூக்கு பத்து தடவைக்கு மேல உடைஞ்சிருக்கு. முதல் 9 சீசன்ல ஒரு ஆட்டம்கூட விட்டதில்லை. ரசிகர்களுக்கு இது சாதனை. எனக்கு இது டோஸ் கணக்கு. ஒரு விஷம் எத்தனை வருஷம், எத்தனை தடவை உள்ளே போச்சுன்னு கேஸ் ஷீட்டில் எழுதுவோமே, அது.

ஏன்னா லைன்மேன் வேலையே மோதல்தான். ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் எதிரே நிற்கிறவனோட முட்டணும். பயிற்சியிலும் அதேதான். மயங்கி விழுந்தாத்தான் ஆபத்துன்னு நினைக்காதீங்க. அறிகுறியே இல்லாத சின்னச் சின்ன அடிகள் வருஷக்கணக்கில் சேர்ந்தாலும் மூளையில் டாவ் என்ற புரதம் தப்பான முறையில் படிய ஆரம்பிக்கும். இதுதான் சி.டி.இ.

"ஹெல்மெட் இருந்துச்சே?" இருந்துச்சு. ஹெல்மெட் மண்டையோடு உடையாம காப்பாத்தும். உள்ளே தயிர் மாதிரி இருக்கிற மூளை குலுங்குறதை அதால் நிறுத்த முடியாது.

ஓய்வுக்கு அப்புறம் சுமார் 30 வருஷம் க்ரீக்மர் கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சார். மறதி, கவனக்குறைவு, அடக்க முடியாத கோபம். உயிரோடு இருக்கும்போது சி.டி.இ.யை உறுதிப்படுத்த இன்னிக்கு வரைக்கும் டெஸ்ட் கிடையாது. 2009ல், 82 வயசில் இறந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மூளையை வெட்டிப் பார்த்தாங்க. சி.டி.இ.

"அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்?" இந்த வாதம்தான் எனக்கு ஆகவே ஆகாது. திரும்பத் திரும்ப தலையில் அடி வாங்கும் குத்துச்சண்டை வீரர்கள் மூளை கெட்டுத் தள்ளாடுறதை மார்ட்லண்ட் என்ற டாக்டர் 1928லேயே எழுதிட்டார். அவரும் நியூ ஜெர்சிக்காரர்தான். க்ரீக்மருக்கு அப்போ ஒரு வயசு!

என்.எஃப்.எல். என்ன பண்ணுச்சு? 1994ல்தான் மூளைக்காயத்துக்கு ஒரு கமிட்டி போட்டாங்க. தலைவர் யாரு தெரியுமா? நரம்பியல் நிபுணர் இல்லை, மூட்டுவாத டாக்டர். ஆட்டக்காரர்களுக்கு நாள்பட்ட பாதிப்பு இல்லைன்னு அந்தக் கமிட்டி வரிசையா கட்டுரை எழுதித் தள்ளுச்சு. 2005ல் பென்னட் ஒமாலு ஒரு ஆட்டக்காரரின் மூளையில் சி.டி.இ.யைக் காட்டினப்போ, கட்டுரையைத் திரும்பப் பெறுன்னு கடிதம் போட்டதும் இவங்கதான்.

ஆடின எல்லாருக்கும் சி.டி.இ. வரும்னு நான் சொல்லலை. 2017ல் 111 மூளையில் 110ல் இருந்துச்சுன்னு ஒரு ஆய்வு வந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் கொடுத்திருப்பாங்க, அதனால அந்த சதவீதத்தை அப்படியே எடுத்துக்கக் கூடாது. ஆனா 110 மூளைங்க. "தற்செயல்"னு தள்ளிட முடியுமா?

சி.டி.இ.க்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு இருக்குன்னு லீக்கின் மூத்த அதிகாரி ஒருத்தர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி ஒப்புக்கிட்டது 2016 மார்ச்சில். க்ரீக்மர் இறந்து ஆறு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது.